செங்கல் நிறப் பட்டைகள்

ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுது போகாது என்று சொல்பவர்கள் மகன் வீட்டில் மருமகளோடு இருந்து பார்த்ததில்லை. எனக்குப் பொழுது நன்றாகவே போனது. ஆனாலும் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் என் வயதுப் பெண்கள் ஆளுக்கொரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பால்கனியில் உட்கார்ந்திருந்தால் மதிப்பு குறையும். யோகாவுக்குப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். பஜனைக்குப் போனேன், அங்கே எல்லோரும் என்னைவிட மோசமாகப் பாடினார்கள், எரிச்சலாக இருந்தது. கடைசியில் சமூகக் கூடத்தில் நடந்த ரஜாய் வகுப்பில் சேர்ந்தேன். ரஜாய் என்றால் பஞ்சு அடைத்த கனத்த போர்வை. அது இல்லாமல் தில்லியில் ஜனவரியைத் தாண்ட முடியாது. பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, அதற்கு மேலுறை தைப்பதுதான் பாடம்.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு பஞ்சாபி டீச்சர். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வகுப்பெல்லாம் சுற்றி வருவார். யாராவது தப்பாகத் தைத்துவிட்டு விழித்தால், "கலத் மத் போலோ, டிசைன் போலோ" என்பார். தப்பென்று சொல்லாதே, டிசைன் என்று சொல். தைத்ததைப் பிரிக்க அவர் விடவே மாட்டார். பிரித்தால் துணி நொந்துபோகும், தப்பின் மேலேயே எதையாவது தைத்து அதை அழகாக்கு என்பார். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. முப்பத்து மூன்று வருடம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு எழுதியவள் நான். கோப்பில் பொய் எழுதக்கூடாது. எந்த உண்மையை எழுதுவது, எந்த உண்மையை விடுவது என்பதில்தான் சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியம் என்னிடம் நிறையவே இருந்தது.

முதல் தப்பு சின்னது. எட்டங்குலச் சதுரம் வேண்டுமென்றால், தையலுக்கு விட்டு எட்டரையோ ஒன்பதோ வெட்ட வேண்டும். நான் எட்டுக்கு எட்டு வெட்டினேன். மகனின் பழைய சட்டைகள், நான் அலுவலகத்துக்குக் கட்டிய சேலைகள் எல்லாவற்றையும் அப்படியே வெட்டித் தள்ளி, வரிசை வரிசையாகத் தைத்தும் முடித்துவிட்டேன். கட்டிலில் விரித்துப் பார்த்தால் நீளத்தில் ஒரு முழம் குறைகிறது. கால் மூடினால் மார்பு தெரியும். டீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தார். வரிசைக்கு வரிசை நடுவே ஒரு பட்டை கொடுத்தால் நீளமும் வரும், பார்க்க எடுப்பாகவும் இருக்கும் என்றார். பட்டை மட்டும் அழுத்தமான நிறமாக இருக்க வேண்டுமாம். கறுப்பு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லையாம்.

எங்கள் கட்டில் தில்லிக்காரர்களின் பெட்டிக் கட்டில். மெத்தையைத் தூக்கிப் பலகையைத் திறந்தால் உள்ளே ஒரு குடித்தனமே இருக்கும். வெயில் காலம் முழுக்க ரஜாய்கள் அதற்குள்தான் தூங்கும், பழைய சேலைகளில் பொதிந்து. எங்கள் வீட்டில் பெட்டிக்குள் போன சேலை என்றால் அது பொதிகிற துணி, அவ்வளவுதான். அன்று மதியம் நான் திறந்து பார்த்தபோது, ரஜாய்களுக்கு அடியில் வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றில் சுற்றி, ஒரு கறுப்புச் சேலை இருந்தது. நூல் சேலை. துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி இளகியிருந்தது. மெலிசாக ஒரு அரக்குக் கரை.

கறுப்பு என்றதும் எனக்கு இரண்டாவது யோசனை வரவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் நல்ல காரியத்துக்குக் கறுப்பைத் தொட மாட்டோம். யாரும் பத்திரப்படுத்தி வைக்கிற நிறமில்லை அது. வேட்டித் துண்டில் தனியாகச் சுற்றியிருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. மருமகளிடம் கேட்டிருக்கலாம். அவள் அலுவலகத்தில் இருந்தாள், ஒரு போன் போதும். என் மகன் வீட்டுக் கட்டிலைத் திறக்க நான் யாரைக் கேட்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. கத்தரிக்கோலை எடுத்தேன். சாயங்காலத்துக்குள் சேலை முழுவதும் பட்டைகளாகிவிட்டது. இரண்டு நாளில் அத்தனையையும் தைத்துச் சேர்த்தேன். டீச்சர் சொன்னது சரிதான். கறுப்பு நடுவே வந்ததும் என் வெளுத்துப்போன அலுவலகச் சேலைகள்கூட விழித்துக்கொண்டன.

அடுத்த வாரம் சாப்பிடும்போது மருமகள் சொன்னாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கப்போகிறது. தில்லியிலேயே, கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவள், அவள் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

"அம்மா, வளைகாப்புக்கு நீங்க புதுசு எதுவும் வாங்க வேண்டாம். எங்கம்மாவோட கறுப்புப் புடவைதான் கட்டிக்கப்போறேன். மத்லப், அதாவது, நான் வயித்துல இருக்கும்போது அவ வளைகாப்புக்குக் கட்டிண்டது."

அவர்கள் பக்கத்தில் வளைகாப்புக்குக் கறுப்புச் சேலைதான் கட்டுவார்களாம். அவளுடைய அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நகைகள் அண்ணன்மார்களுக்குப் போயின. இவள் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த ஒரு சேலையைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். "அதுக்கென்ன, கட்டிக்கோ" என்றேன்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், மகன் கத்தியிருப்பான், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஒரு மாதத்தில் ஓய்ந்திருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் இவள் முன்னால் நான் தப்பு செய்தவளாக நிற்பதா? கல்யாணமான நாளிலிருந்து குழம்பில் உப்பு முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை நான்தான் அவளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமும் இருந்தது. கணவர் போன பிறகு எனக்கென்று வேறு வீடு கிடையாது.

மறுநாள் அவர்கள் இருவரும் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். பிரிக்கலாமா என்று பார்த்தேன். பிரித்தால் கையில் கிடைப்பது கறுப்பு நாடாக்கள்தான், சேலை இல்லை. குளியலறை கழுவும் ப்ளீச்சிங் பவுடரை ஒரு கிண்ணத்தில் கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷில் தொட்டு, தைத்திருந்த பட்டைகளின் மேல் தடவினேன். பக்கத்துச் சதுரங்களில் படாமல் ஓரம் பார்த்துத் தடவ வேண்டும். என் கை நடுங்கவே இல்லை. கறுப்பு முதலில் பழுப்பானது, பிறகு செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. அங்கங்கே அடர்த்தி, அங்கங்கே வெளிறல். உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது. கறுப்பைவிட நன்றாக இருந்தது. அதை நினைத்து நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரஜாய்களை மாடியில் வெயிலுக்குப் போட எடுத்தார்கள். பெட்டி காலியானது. வேட்டித் துண்டு இருந்தது, சேலை இல்லை. மருமகள் கனத்த வயிற்றோடு குனிந்து, ஒவ்வொரு பொதியாகப் பிரித்து உதறினாள். பீரோவைத் தேடினாள். மறுபடி பெட்டிக்கே வந்தாள். மகன் என்னைப் பார்த்து, "நீ எடுத்தியாம்மா?" என்று கேட்கவில்லை. "யாரு பெட்டியத் தொறந்தா?" என்றுதான் கேட்டான்.

"போன வாரம் பெட்டியத் தொடச்சது வேலைக்கு வர்றவதான்" என்றேன்.

அதில் ஒரு எழுத்து பொய் இல்லை. எங்கள் வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்தவளைத்தான் சொன்னேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. புருஷன் கட்டட வேலை. எங்கள் பிளாக்கிலேயே இன்னும் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் சமையலறையில்தான் இருந்தாள். மகன் கூப்பிட்டான். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கறுப்புச் சேலையா? அரக்குக் கரை போட்டதுதான? தெரியுமே. போன வருசம் நாந்தான அத சோப்பு போடாம அலசி, நெழல்ல காயப் போட்டேன்" என்றாள். உதவி செய்கிற ஆர்வத்தில் சொன்னாள்.

அந்த ஆர்வம்தான் அவளைக் கவிழ்த்தது. "பாத்தியா, எல்லாம் தெரியுது" என்றான் மகன். அப்போதுதான் தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். திருப்பிக் குடுத்துடு. வேற எது வேணாலும் எடுத்துக்கோ. ப்ளீஸ், அது எங்கம்மாது" என்று கெஞ்சினாள். யாரும் கேட்காமலே வேலைக்காரி போய்த் தன் பையை எடுத்து வந்து தரையில் கொட்டினாள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு, தலைவலி மாத்திரை, எங்கள் வீட்டிலேயே நான் கொடுத்த இரண்டு ரஸ்க். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. ஆறு வருசத்துல ஒரு குண்டூசி தொட்டிருக்கேனா?"

தையல் மெஷின் அதே அறையில்தான் இருந்தது. மெஷின் உறைக்குக் கீழே, பட்டை தைத்த மேலுறையோடு, அவளுடைய நல்ல பெயர் மடிந்து கிடந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி சரி, அழாத" என்றேன்.

மகன் போலீசுக்குப் போவேன் என்று குதித்தான். நான்தான் தடுத்தேன். பாவம், ஏழை, பிள்ளைகள் இருக்கிறார்கள், விட்டுவிடு என்றேன். அந்தச் செய்தி அவளுடைய திருட்டுச் செய்தியோடு சேர்ந்தே குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ, வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் ஜாக்கிரதை என்று போட்டார்கள். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. ஒரு வாரத்தில் மற்ற நான்கு வீடும் அவளை நிறுத்திவிட்டன. கேட்டில் காவலாளி உள்ளேயே விடவில்லை. எனக்கோ பெரிய மனசுக்காரி என்று பெயர். கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, "உங்களை மாதிரி யார் இருப்பா" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கேரட் அல்வாவும் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதைச் சாப்பிட்டேன்.

வளைகாப்புக்கு மருமகள் பச்சைப் பட்டு கட்டினாள். நான் வாங்கிக்கொடுத்தது. வளையல் அடுக்கும்போது அழுதாள். வந்திருந்த பெண்கள் அம்மா நினைப்பு வந்துவிட்டது என்று அவளைத் தேற்றினார்கள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ப்ளீச்சிங் பவுடர் சும்மா இருக்கவில்லை. இரண்டு வாரத்தில் பட்டைகளில் துணி இற்று, அங்கங்கே பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தது. மூன்றாவது தப்பு. அதற்கும் வழி கண்டேன். மஞ்சள் துணியில் வேப்பிலை அளவுக்குச் சின்னச் சின்ன இலைகள் வெட்டி, ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒன்று வைத்து, ஓரம் மடித்துக் கையால் தைத்தேன். ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் இலை இருந்தால் சந்தேகம் வரும் என்று, ஓட்டை விழாத இடத்திலும் தைத்தேன். செங்கல் சுவரில் கொடி படர்ந்தது போல ஆகிவிட்டது. டிசம்பரில் வகுப்பின் கண்காட்சி நடந்தபோது டீச்சர் என் ரஜாயைக் கூடத்தின் நடுவில் தொங்கவிட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த அம்மாளிடம் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு தப்பைக்கூட இவர் வீணாக்கவில்லை என்று ஹிந்தியில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மருமகளும் வந்திருந்தாள். நடக்க முடியாமல் நடந்து வந்து, ரஜாய் முன்னால் நின்று, ஒரு பட்டையை விரலால் நீவிப் பார்த்தாள்.

"இந்தக் கலர் ரொம்ப நல்லா இருக்கும்மா. எந்தத் துணி?"

"பழைய திரைச்சீல" என்றேன், வாய் கூசாமல்.

"அச்சா! எவ்ளோ சாஃப்டா இருக்கு" என்று சொல்லி இன்னொரு தரம் நீவினாள். பிறகு போனை நீட்டி, என்னையும் ரஜாயையும் சேர்த்துப் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஜனவரி நடுவில் பேத்தி பிறந்தாள். மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை பதினொரு மணிக்கும் பனி விலகவில்லை. மகன் அலுவலகத்தில். மருமகள் உள்ளறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், அவள்.

காவலாளி மாறியிருந்ததால் உள்ளே வர முடிந்திருக்கிறது. ஸ்வெட்டர் இல்லை, புருஷனின் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். கையெல்லாம் சிமெண்ட் தின்று வெடித்திருந்தது. வீட்டு வேலை எதுவும் கிடைக்காததால் புருஷனோடு செங்கல் சுமக்கப் போகிறாளாம். கீழ்வீட்டில் இப்போது புதிதாக வந்திருப்பவர்கள் ஆள் தேடுகிறார்களாம், ஆனால் பழைய வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் சேர்ப்போம் என்கிறார்களாம்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்மா. நான் எடுக்கலேன்னுகூடச் சொல்ல வேணாம். நல்லா வேல செய்வான்னு மட்டும் சொல்லுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நிஜமாகவே நிறைந்தது, நடிப்பில்லை. அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை. "இரு" என்று உள்ளே போனேன். அவளுக்கு எதையாவது பெரிதாகக் கொடுக்க வேண்டும், என்னிடம் இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கண்காட்சியிலிருந்து வந்தபின் பஞ்சடைத்து முடித்திருந்த ரஜாயை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன்.

"வச்சுக்கோ. உனக்குத்தான். குளிருல கெடக்காத."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கனத்தை மார்போடு அணைத்துப் பார்த்தாள். படிக்கட்டுக் கைப்பிடியில் ஒரு பாதியை விரித்தாள். இலைகளைத் தொட்டாள். பிறகு செங்கல் நிறப் பட்டையை இரண்டு விரலால் தேய்த்தாள். கை அங்கேயே நின்றது. பட்டையும் சதுரமும் சேர்கிற இடத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. அதை நகத்தால் விலக்கினாள். பிரஷ் எட்டாத அந்த மடிப்புக்குள் துணி கறுப்பாகவே இருந்தது. இலையொன்று மறைத்ததுபோக மீதி இருந்த கரையையும் பார்த்தாள்.

"அந்தச் சேலதானம்மா இது" என்றாள்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

"உனக்குக் குளிருமேன்னுதான்..." என்று ஏதோ இழுத்தேன்.

"குளிருதும்மா. ஆனா இத நான் கொண்டுபோனா, சேல அப்புறம் நெசமாவே எங்க ஊட்டுலதான இருக்கும்?"

இதை நான் யோசித்துக் கொடுத்தேனா, யோசிக்காமல் கொடுத்தேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யோசிக்கவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த வேளையில் எனக்குள் வந்தது வெட்கமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கோபம்தான் வந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகாமல் இவள் ஏன் தையலைப் பிரித்துப் பார்க்கிறாள் என்று.

குழந்தை சிணுங்கியது. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"யாரும்மா வந்திருக்கா?" என்று மருமகள் குரல் கொடுத்தாள்.

வாசலில் நின்றவள் என் முகத்தையே பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. உள்ளே ஓடிப்போய்ச் சொல்லவும் இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்பது அவளுக்கும் தெரியும். நான் பேசுவேனா என்று மட்டும் காத்திருந்தாள். அவள் பெயரைச் சொன்னால் போதும். மருமகள் எழுந்து வருவாள், ரஜாய் விரிந்து கிடக்கிறது, மீதியைத் துணியே சொல்லிவிடும்.

"யாருமில்லம்மா" என்றேன். "வாசல்ல வாடக் காத்து. நீ பிள்ளையத் தூக்கிட்டு இங்கன வராத."

அவள் ரஜாயை நான்கு மூலையும் ஒத்துவர மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.